விழுந்து முடிக்காத நாலாம் வரிசை

நாலாம் வரிசை ரேக் ஒரு புதன்கிழமை முற்பகலில் விழ ஆரம்பித்து, பதினோரு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை விழுந்து முடித்தது. நடுவில் இருந்த காலமெல்லாம், அதன் மேல்தட்டிலிருந்து கிளம்பிய வாஷ்பேசின்களும் வெஸ்டர்ன் டாய்லெட்டுகளும் கூரைக்கும் தரைக்கும் நடுவே அந்தரத்தில் பேசாமல் நின்றன. குடோனில் வேலை பார்த்தவர்கள் முதல் வாரம் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டாம் வாரம் ஒதுங்கி நடந்தார்கள். மூன்றாம் வாரம் அதற்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டார்கள், ஏனென்றால் அங்கே மட்டும்தான் மேல்விளக்கு கண்ணில் அடிக்காமல் நல்ல நிழல் விழுந்தது.

அதை அப்படி நிறுத்திவைத்தவள் அக்கா. குடோன் குடோனாகப் போய் ரேக்குகளைச் சோதித்துப் பார்ப்பது அவள் தொழில். கையை வீசிக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போகிற வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரும்பு நாக்கு இடிப்பது பெரும்பாலும் முழங்கால் உயரத்தில்தான் என்பதால், ஒவ்வொரு தூணுக்கும் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். தூணை ஒட்டி நேர்ச்சட்டத்தை வைத்து, நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று டார்ச் அடிக்க வேண்டும். தரையில் முடுக்கிய போல்ட் ஆடுகிறதா, குறுக்குச்சட்டம் தூணில் மாட்டுகிற இடத்தில் அது கழன்றுவிடாமல் பிடிக்கும் சின்னப் பின் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். பிறகு அட்டை கட்ட வேண்டும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் புதிதாகச் சரக்கு ஏற்றாதே, சீக்கிரம் சரி செய். சிவப்பு என்றால் இருக்கிற சரக்கை இந்த நிமிஷமே இறக்கு. சிவப்புக்கு மேல் பேச்சு கிடையாது. அந்தக் குடோனில் அவளுடைய கூடப்பிறந்த தம்பி வேலை பார்த்ததால் எல்லோருக்குமே அவள் அக்காதான், அவளைவிட மூத்த மேனேஜர் உட்பட. தம்பி இருக்கிற இடத்துக்கு அக்காவையா சோதனைக்கு அனுப்புவார்கள் என்று கேட்டால், அனுப்பினார்கள். அந்தச் சுற்று வட்டாரத்தில் இந்த வேலைக்குப் படித்திருந்தவள் அவள் ஒருத்திதான், என்ன செய்வது.

தம்பிக்குக் குடோனில் புயல் என்று பெயர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான். அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரி, சட்டைப் பித்தான் போட்டுவிட்டு, பள்ளிக்கூட வாசல் வரை இழுத்துக்கொண்டு போனவள் அக்கா. ஆனால் பிறந்த நாள் முதல் அவள் சொன்ன ஒரு சொல்லை அவன் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஏறாதே என்றால் ஏறுவான். ஓடாதே என்றால் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவான். அப்படிப்பட்டவன் கையில் மூன்று டன் வண்டியைக் கொடுத்தால் என்ன ஆகும்? நாலாம் வரிசையின் ஒரு தூண் முழங்காலில் மடங்கியது. அந்தக் குடோனில் இதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. மடங்கிய தூணைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தி, மேலே நீல பெயின்ட் பூசிவிடுவார்கள். அதற்காகவே டீ மேஜைக்கு அடியில் ஒரு டப்பாவும் பிரஷும் வைத்திருந்தார்கள். கம்பியை ஒரு முறை வளைத்து நிமிர்த்தினால் அது பழைய கம்பி இல்லை என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் பூசினார்கள்.

அந்தப் புதன்கிழமை அக்கா இந்தத் தூணுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். சுற்றிலும் தூசி படிந்த தூண்கள். நடுவில் இது ஒன்று மட்டும் பளபளவென்று.

"ஏண்டா, இந்தக் காலுக்கு மட்டும் என்ன கல்யாணக் களை?"

"தூசியா இருந்துச்சுக்கா. துடைச்சு விட்டேன்."

"பெயின்ட்டை வெச்சா துடைச்ச?"

அவன் தலையைச் சொறிந்தான். அக்கா சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜருக்குப் பார்த்துக்கலாம் என்று பெயர், அவர் எதற்கும் சொல்லும் பதில் அதுதான். அன்றும் அதையே சொன்னார். அக்கா அந்தப் பக்கம் திரும்பியதும், லாரி காத்துக்கொண்டிருக்கிற அவசரத்தில், புயல் அட்டையை அவிழ்த்து ஐந்தாம் வரிசையில் காலியாக இருந்த ஒரு தட்டுக்குக் கட்டினான். குடோனில் எங்கேயோ ஓர் இடத்தில் சிவப்பு தொங்குகிறது, அக்காவுக்கு அது போதாதா என்பது அவன் கணக்கு. பிறகு நாலாம் வரிசை உச்சியில் இன்னொரு பேலட் டாய்லெட்டை, ஒரு மரத்தட்டு நிறைய, ஏற்றினான். டார்ச்சை டீ மேஜையில் மறந்துவிட்டுப் போன அக்கா அதை எடுக்கத் திரும்பி வந்தபோது, தூண் அதே முழங்காலில் மடங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் ஃபோர்க்லிஃப்ட்டின் இரும்புக் கூண்டுக்குள்ளேயே இருப்பதுதான் பத்திரம், இறங்கி ஓடினால் தலையில் சரக்கு விழும் என்று அக்காவுக்குத் தெரியும். அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "டேய், அப்படியே நில்லுடா!" அவளுக்கு அப்போது வாசலில் நின்று கூப்பிட்டால் அடுத்த தெரு திரும்பிப் பார்க்கிற குரல். புயல் வழக்கம்போல அதைக் காதில் வாங்காமல் குதித்து ஓடி, டீ மேஜையைத் தாண்டி, வாசலைத் தாண்டித்தான் நின்றான். ரேக் மட்டும் நின்றது. சொன்ன இடத்தில், சொன்ன நொடியில், சரிந்த சட்டங்களும் கவிழ்ந்த பேலட்டும் காற்றில் கிளம்பிய பேசின்களுமாக அப்படியே நின்றது. வாழ்நாளில் முதல்முறையாகத் தன் பேச்சை ஒருவர் கேட்டிருக்கிறார் என்பது அக்காவுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அதிகாரிகள் வந்தார்கள், கழுத்து வலிக்கப் பார்த்தார்கள், போனார்கள். பொறியாளர் ஒருவர் கோணத்தை அளந்து, இது நிற்க முடியாது என்று சொல்லிவிட்டு அதற்குக் கீழேயே நின்று போன் பேசினார். பெருக்குகிற ஆள் ஒருவர் சும்மா இருக்காமல் துடைப்பக் கட்டையால் ஒரு பேசினைத் தொட, அது மட்டும் மீதி தூரத்தை விழுந்து முடித்து அவர் கால்விரலுக்குப் பக்கத்தில் சுக்குநூறானது. தொட்டால் விழும், தொடாவிட்டால் நிற்கும். இது தெரிந்ததும் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கயிற்றை அடுத்த வாரமே யாரோ பேலட் கட்ட அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

ரேக் நின்ற அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய், "என்னங்க" என்று கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிற அவள் வீட்டுக்காரர் அடுத்த அறையில் இருந்தார், திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். குரலில் பாதி இல்லை. தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, புண் இல்லை, கட்டி இல்லை, மூட்டை சுமக்கிறவர்களின் தோளில் இருக்கிற மாதிரி ஒரு களைப்பு மட்டும் இருக்கிறது என்றார். "எதையோ தூக்கிப் பிடிச்சுட்டு இருக்கீங்கம்மா. இறக்கி வெச்சா சரியாயிடும்." எதை என்று அக்காவுக்குத் தெரிந்தது. அப்போது அவள் வயிற்றில் குழந்தை இருந்தது.

பார்த்துக்கலாம் இருக்கிறாரே, அவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஒரு வார்த்தையில் ரேக் நிற்குமென்றால் எதற்காகப் புதுத் தூண் வாங்க வேண்டும்? ரேக்கைக் காலி செய்ய வேண்டாம், வேலையை நிறுத்த வேண்டாம். இன்னும் மூன்று வரிசைகளில் தூண் கோணலாக இருந்தது. அக்கா வந்தாலே குழைந்துகொண்டு பின்னால் நடப்பார். "ஒரே ஒரு வார்த்தை மேடம். உங்க வாய் முத்து." அக்கா முடியாது என்றாள். அப்போதுதான் புயல் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் போய், அந்த மூன்றும் தன் கைவேலைதான், தானே அடித்து நிமிர்த்திப் பெயின்ட் பூசியவை என்று சொல்லிக் கையைப் பிசைந்தான். அவனுக்கும் கல்யாணம் ஆகி ஆறு மாதம்தான். "தெரிஞ்சா வேலை போயிடும்க்கா. நீ ஒரு தடவை சொல்லிடு. நான் இனிமே மெதுவா ஓட்டுறேன், சத்தியமா." தலை வாரிவிட்ட கை அல்லவா, தளர்ந்துவிட்டது. அக்கா ஒவ்வொரு தூணுக்கும் முன்னால் நின்று, நில்லு என்றாள். சிவப்பு கட்ட வேண்டிய மூன்று இடத்திலும் மஞ்சள் கட்டினாள். மூன்றாவது தூணுக்குச் சொன்னபோது அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. புயலும் சத்தியத்தைக் காப்பாற்றினான், வெள்ளிக்கிழமை வரை.

பெண் குழந்தை பிறந்தது. சுண்டு என்று கூப்பிட்டார்கள், அதாவது மற்றவர்கள் கூப்பிட்டார்கள். அக்காவால் உதட்டை அசைக்கத்தான் முடிந்தது, கூடவே கொஞ்சம் மூச்சு வரும். சுண்டு நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அம்மாவின் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். தெருவில் விளையாடுகிற பிள்ளையை அழைக்க மற்ற அம்மாக்கள் வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பார்கள். அக்கா தெருக்கோடி வரை நடந்து போய்த் தோளைத் தொடுவாள். மழை வந்தாலும் அப்படித்தான், மாடு முட்ட வந்தாலும் அப்படித்தான். வீட்டுக்காரர், பேசாத மனைவி வாய்த்தவன் கொடுத்துவைத்தவன் என்று நண்பர்கள் கிண்டல் செய்தால் சிரித்துவைப்பார், வீட்டுக்கு வந்து அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

குடோன் அமோகமாக நடந்தது. அக்காவின் தொண்டைதான் அங்கே முக்கியமான சாமான். அவளுக்கு ஜலதோஷம் பிடித்தால் நான்கு வரிசைகளும் கிரீச்சென்று முனகி விரலளவு இறங்கும். உடனே பார்த்துக்கலாம் அவள் வீட்டுக்குச் சுக்குத் தண்ணீர் பிளாஸ்கில் அனுப்புவார். வாசலில், அக்காவுக்கு யாரும் ஐஸ்கிரீம் வாங்கித் தரக்கூடாது என்று போர்டு வைத்தார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஹெல்மெட், பூட்ஸ், அக்காவின் தொண்டை என்ற மூன்றையும் பற்றிப் பாடம் நடந்தது. தூணை இடித்தவர்கள் இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அக்கா பிடித்துக்கொண்டிருக்கிறாளே. வருடா வருடம் அக்கா நாலாம் வரிசைக்கு மட்டுமாவது சிவப்பு என்று எழுதிக் கொடுத்தாள், பார்த்துக்கலாம் அதை வாங்கிக்கொண்டு, "பார்த்துக்கலாம்" என்றார்.

சுண்டுவுக்குப் பத்து வயதானபோது, மாமன் புயல் அவர்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "மாமா, அம்மாவோட குரல் எப்படி இருக்கும்?" புயல் சிரித்துக்கொண்டே இடுப்பில் கை வைத்து, கண்ணை உருட்டி, டேய் என்று அக்கா மாதிரியே கத்திக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். சுண்டு சிரிக்கவில்லை. இன்னொரு முறை செய்யச் சொன்னாள், இன்னொரு முறை. மூன்றாவது முறை டேய் பாதியில் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தவன், இலையில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

அடுத்த மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சுக்குத் தண்ணீர் எடுபடவில்லை. மூச்சில் ஒட்டியிருந்த அந்தக் கொஞ்சமும் கரையத் தொடங்கியது. குடோனில் வரிசைகள் சாண் அளவு இறங்கின, அந்தரத்து டாய்லெட் ஒன்று புயலின் வண்டிக் கூரையை உரசுகிற உயரத்துக்கு வந்துவிட்டது. அவன் அதற்கு அடியில்தான் வண்டி ஓட்டினான், பெருமைக்கு. வருடாந்தர சோதனை நாள் அது. அக்கா போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து, எப்போதும்போல ஒவ்வொரு தூணாகக் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். எல்லாம் முடிந்ததும் எழுந்து, சரக்கு எதன் மேல் நிற்கிறதோ அதைச் சோதிப்பதுதானே தன் வேலை என்று யோசித்தாள். தூண் தாங்கவில்லை. போல்ட் தாங்கவில்லை. தாங்குகிற பொருள் ஒன்றே ஒன்று, அது கோணிப்போய், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்துத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு, நடுப்பாதையில் போய் நின்றாள்.

வேலை நின்றது. பார்த்துக்கலாம் ஓடி வந்தார். "என்ன மேடம் இது, கூத்து? வெளியே லாரி நிக்குது." அக்கா உதட்டை அசைத்தாள். யாருக்கும் கேட்கவில்லை. புயல் வண்டியிலிருந்து இறங்கி வந்து அவள் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தான். அவள் காதைத் திருகாமல் அவன் அவ்வளவு பக்கத்தில் காதைக் கொண்டுவந்தது அதுவே முதல் தடவை.

"சிவப்பு கட்டினா என்னடா செய்யணும்?"

அக்காவின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது.

"இறக்கணும்க்கா."

"செய்."

அவன் திரும்பி, குடோன் முழுக்கக் கேட்கும்படி, அந்தத் தூண்களை இடித்தது நான், அடித்து நிமிர்த்தியது நான், அட்டையை மாற்றிக் கட்டியதும் நான் என்றான். பிறகு ஹாரனை அழுத்திப் பிடித்து எல்லோரையும் வெளியேற்றினான். லாரி, ஆர்டர் என்று பார்த்துக்கலாம் ஏதேதோ சொன்னார். புயல் அவர் தோளில் கை போட்டு, "அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்று வாசலில் கொண்டுபோய் விட்டான்.

கோணல் தூண் வரிசைகள் மூன்றையும் மேல்தட்டிலிருந்து கீழாக, மெதுவாக, ஒரு உரசல் இல்லாமல் அவன் காலி செய்தான். அவனுக்கு மெதுவாக ஓட்டத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு வரிசை காலியானதும் அக்காவுக்குச் சத்தத்தோடு இருமல் வந்தது. இரண்டாவதுக்கு முனகல். மூன்றாவது காலியானபோது அவள் தும்மினாள், தும்மல் கூரையில் எதிரொலித்தது, வெளியே நின்றவர்கள் கை தட்டினார்கள். மிச்சம் நாலாம் வரிசை. அதைத் தொட முடியாது, இறக்கவும் முடியாது. சனிக்கிழமை, உள்ளே ஈ காக்கை இல்லை என்று புயல் மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டு வந்து தலையாட்டிய பிறகு, அக்கா வாசலில் நின்று, "சரி, போ" என்றாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் பாதியில் நின்ற சத்தத்தின் மீதி வந்தது. அடேயப்பா, அது ஒரு சத்தம். பீங்கான் தூள் வெள்ளை மேகமாக வாசல் வழியே வந்து பார்த்துக்கலாமின் மீசையில் உட்கார்ந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. புதுத் தூண்கள் வந்தன. புயலிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, தினமும் தூணில் மாட்டிய ஒவ்வொரு பின்னையும் தடவிப் பார்க்கிற வேலையைக் கொடுத்தார்கள். அவன் அதைச் செய்தான், முணுமுணுத்துக்கொண்டே.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அக்கா தலையெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு நடந்தாள். தெருக்கோடியில் சுண்டு பிள்ளைகளோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தாள், முதுகு இந்தப் பக்கம். அக்கா வழக்கம்போல அவள் தோளைத் தொட நாலு எட்டு நடந்தவள், நின்றாள். மூச்சை இழுத்து, "சுண்டூ!" என்று கூப்பிட்டாள். பதினோரு வருடம் ரேக்கைத் தாங்கிய குரல் அல்லவா, தெருவே நின்றது. பந்து எகிறிய உயரத்தில் நின்றது. சைக்கிள்காரர் தரையில் கால் ஊன்றாமல் சாயாமல் நின்றார். மாடியிலிருந்து ஒரு அம்மாள் ஊற்றிய வாளித் தண்ணீர் கண்ணாடித் துணிபோலத் தொங்கியது. சுண்டு ஒருத்திதான் நிற்கவில்லை. அந்தக் குரலை அவள் அதற்கு முன் கேட்டதே இல்லை, ஆனாலும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. அசையாத பிள்ளைகளுக்கு நடுவே புகுந்து, தொங்குகிற தண்ணீருக்கு அடியில் குனிந்து, ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அக்கா அழுதுகொண்டே தெருவைப் பார்த்து, போங்க என்று சைகை காட்டினாள். பந்து விழுந்தது, தண்ணீர் விழுந்தது, சைக்கிள் நகர்ந்தது.

"இன்னொரு தடவை கூப்பிடும்மா" என்றாள் சுண்டு.

தெரு மறுபடி நின்றது.